சோப்பு டப்பாவில் ஒரு டயல்

மகனே,

உங்கள் கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. நசீர் பாய் நேற்று மத்தியானம் அதை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு, டேங்கர் லாரிகளுக்கு நடுவே மெதுவாக ஓட்டிவந்து கொடுத்தார். நான் அப்போது சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, மொதல்ல கைய ஒயுங்கா கழுவிக்கினு வா. மீன் நாத்தத்தோட தொட்டுட்டு அப்பால பாய் ஆல்பம் கலீஜா கீதுன்னு சொல்லாத" என்றார். கழுவினேன். மோந்து பார்த்தேன். மறுபடியும் கழுவினேன். அப்புறம்தான் திறந்தேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம். ஆனால் உன்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல ஆரம்பித்தால், "சரிம்மா, சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். பாராட்டினால் நெளிகிற குணம் உன் அப்பாவிடமிருந்து வந்தது. காகிதத்தில் எழுதினால் நீ ஓசூரில் உட்கார்ந்து கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். கலையும் படிக்கட்டும். புதுப் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாத விஷயம் எதுவும் இதில் இல்லை, ஒன்றிரண்டு தவிர.

உன் அப்பா கல்யாண போட்டோ எடுத்தவர் என்பது கலைக்குத் தெரியும். நான் அவருக்கு லைட் பிடிக்க வந்த கதை தெரிந்திருக்காது. தண்டையார்பேட்டையில் ஒரு வளைகாப்பு. நான் சாப்பிடத்தான் கூடப் போனேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு லைட் பிடிக்கிற ஆள் வரவில்லை. உன் அப்பா அந்தப் பெரிய சாம்பல் நிற ஃப்ளாஷை ஒரு கம்பின் நுனியில் மாட்டி என் கையில் கொடுத்து, "சும்மா ஒரு பத்து நிமிசம் புடிச்சுகினு நில்லு" என்றார். அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எனக்கு லைட்டக்கா என்றுதான் பெயர். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் எனக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஃப்ளாஷின் பக்கவாட்டில் ஒரு டயல் இருக்கும். ஃபுல், பாதி, கால், அதற்கும் கீழே என்று திருப்பினால் கிளிக் கிளிக்கென்று நிற்கும். உன் அப்பா கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், லென்ஸுக்குக் கீழே இடது கை விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஃபுல், இரண்டு என்றால் பாதி, மூன்று என்றால் கால். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அந்த விரல் மட்டும் என்னிடம் பேசும். போகப்போக விரலும் தேவைப்படவில்லை. அவர் நகரும்போதே என் கட்டைவிரல் திருப்பிவிடும்.

இதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. நம் பக்கத்து ஜனங்கள் கடலிலும் ஹார்பரிலும் வெயிலில் நின்று சம்பாதிக்கிறவர்கள். கருப்புதான். கருப்பில் என்ன குறை? ஆனால் கல்யாணம் என்றால் மட்டும் "கொஞ்சம் கலரா வர்ற மாரி எடுங்க" என்று வந்துவிடுவார்கள். மற்றவர்கள் அதற்கு நேருக்கு நேர் ஃபுல்லில் அடிப்பார்கள். மாவில் புரட்டி எடுத்தது போல முகம் வரும், மூக்கு எங்கே, முழி எங்கே என்று தேடவேண்டும். நான் பக்கவாட்டில் போய், கம்பை உயர்த்தி, பாதிக்குக் கீழேயே வைப்பேன். அப்போதுதான் கன்னத்தில் வெல்லப்பாகு மாதிரி ஒரு பளபளப்பு வரும். படம் வந்த பிறகு ஒருத்தரும் கலரா வரவில்லை என்று சண்டைக்கு வந்ததில்லை. நின்று நின்று தங்கள் முகத்தையே பார்ப்பார்கள்.

இன்னொன்று, மூன்று முடிச்சு. ஃபுல்லில் ஒரு தடவை அடித்தால் அந்தக் கிழட்டு ஃப்ளாஷ் கீய்ங் என்று முனகிக்கொண்டு மறுபடி சார்ஜ் ஏற நேரம் எடுக்கும். அதற்குள் தாலிக்கு மூன்று முடிச்சும் விழுந்துவிடும். முடிச்சு போட்டவரிடம் மறுபடி ஒருமுறை போடு என்று கேட்கமுடியுமா? அதனால் தாலியைக் கையில் எடுத்ததும் நான் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டேன், தவில்காரரின் தோளைப் பார்ப்பேன். கெட்டிமேளத்துக்கு முன்னால் அவர் தோள் ஒருமுறை ஏறி இறங்கும். அந்த நொடியில் இரண்டு கிளிக் இறக்குவேன், குறைத்து அடித்தால் சார்ஜ் உடனே ஏறிவிடும். மூன்று முடிச்சு, மூன்று படம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு கல்யாணத்தைக் கோட்டைவிட்டுத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

உன் அப்பா போனபோது நீ பாலிடெக்னிக்கில் இருந்தாய். அவருடைய தோஸ்து நசீர் பாய் அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டார், அதற்கு அவரைவிட நல்ல கை கிடையாது. கொஞ்ச காலம் லைட் பிடிக்க வேறொரு ஆளை வைத்து ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, எவன் லைட்டு புடிச்சாலும் எனக்கு ஒத்து வர்ல. நீ வந்துடு" என்றார். நான், "புருசன் போனவ கல்யாண மண்டபத்துக்குள்ள எப்டி பாய் வர்றது?" என்றேன். பாய் தலையைச் சொறிந்தார். "நீ இன்னா விருந்தாடியாவா வர்றே? வேலைக்கு வர்றே. வேலக்காரனுக்கு ஏது சகுனம்?" என்றார்.

அவர் சொன்னது பலித்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்கிறவளை யாரும் பார்ப்பதில்லை, பார்த்தால் கண் கூசும். என் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சொந்தக்காரியாகப் போனேன், தாலி கட்டுகிற நேரத்தில் பந்திக்கூடத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் போ என்று சொல்லவில்லை, நானாகவே போய்விட்டேன். அடுத்த வாரம் முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்தில் லைட்டக்காவாக நின்றேன், பெண்ணின் கழுத்துக்கு ஒரு கை தூரத்தில். அந்தக் கம்பு எனக்கு எவ்வளவு பெரிய துணை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் உன் கல்யாணம் நிச்சயமானதும் நான் முதலில் பாயைக் கூப்பிட்டு, "என் மவன் கல்யாணத்துக்கு நான்தான் லைட்டு புடிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். பாய் திகைத்துப்போனார். "மாப்ளையோட அம்மா கம்ப புடிச்சுகினு கீழ நிக்கறதா? நாலு பேரு இன்னா சொல்வாங்கோ?" என்றார். "எனக்கு அதான் வசதி பாய்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? மேடையில் ஏறினால் யாராவது முகம் சுளிப்பார்கள். கீழே ஓரமாக நின்றால் என் பிள்ளையின் கல்யாணத்தை நான் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கவேண்டும். கம்பு கையில் இருந்தால் இரண்டும் இல்லை. நீ சோறு பிசைந்துகொண்டே இதையெல்லாம் கேட்டாய். ரசம் போடவா என்று கேட்டேன், தலையை ஆட்டினாய், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது உன் அப்பாவின் ஃப்ளாஷ் தினத்தாள் மேல் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. எனக்கு வந்த கோபம் உனக்கு ஞாபகம் இருக்கும். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "உங்கப்பன் வாங்கினதுடா அது! இன்னா பண்ணி வெச்சுகீறே?" என்று கத்தினேன். அதை ரேடியோவில் வேலை செய்கிற மாதிரி மாற்றப்போகிறேன், ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்தே வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று நீ சொன்னதும் கோபம் இரண்டு மடங்கு ஏறியது. "முட்டி வலிக்குதுன்னு நான் வந்து ஒன்னாண்ட அயுதேனா? என்னிய வேலய விட்டு நிறுத்தப் பாக்கறியா?" என்றேன். நீ நிமிர்ந்து பார்க்காமல், "நிறுத்தலமா. எடத்த மாத்தறேன்" என்றாய். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

ஆனால் கத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன், கவனித்தாயா? நீ வேலை செய்வதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அத்திப்பட்டுப் பக்கம் மின்நிலையத்தில் நீ வேலை பார்த்த காலத்தில் சாம்பல் படிந்த சட்டையைத்தான் பார்த்திருக்கிறேன், வேலையைப் பார்த்ததில்லை. ஃப்ளாஷுக்குள் ஒரு கருப்பு உருளை இருந்தது. பேட்டரியைக் கழற்றினாலும் அதற்குள் கரண்டு தங்கியிருக்கும், தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும் என்றாய். உன் அப்பா ஒருமுறை அதில் ஸ்குரூடிரைவரை வைத்து, பட்டென்று வெடித்து, ஸ்குரூடிரைவர் முனை கருகி, இரண்டு நாள் என்னிடம் அதை மறைத்துவைத்தார். நீ ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை ஒயரில் கட்டி அந்த உருளையில் தொட்டாய். பல்பு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அணைந்த பிறகும் மீட்டரை வைத்துப் பார்த்தாய். "மீட்டரு சொன்னாதான் கைய வெக்கணும்மா, கண்ணு சொன்னா பத்தாது" என்றாய். என் வயிற்றில் பிறந்தது இவ்வளவு நிதானமாக இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் தடவை எல்லாம் சரியாக வரவில்லை. நீ வாங்கிவந்த குட்டி போர்டு, ஃப்ளாஷோடு சேர்த்ததும் ஒரு வாசனை விட்டுவிட்டு உயிரை விட்டது. பழைய ஃப்ளாஷில் கேமராவோடு மாட்டுகிற காலில் வருகிற வோல்டேஜை இந்தக் காலத்துச் சாமான் தாங்காது என்று கண்டுபிடித்தாய். நானாக இருந்தால் அதை எடுத்துக் கூவத்தில் வீசியிருப்பேன். நீ டீ குடித்தாய், சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு பஸ் ஏறினாய். வரும்போது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருப்புத் துண்டைக் கொண்டுவந்தாய். ஒரு பக்கத்தில் குட்டி வெளிச்சம் எரியுமாம், மறுபக்கம் அதைப் பார்த்துக்கொண்டு சேதி சொல்லுமாம், நடுவில் ஒயரே கிடையாதாம், அதனால் அங்கே இருக்கிற வோல்டேஜ் இங்கே வராதாம். வெளிச்சத்தை அடக்க உள்ளே இன்னொரு வெளிச்சத்தை வேலைக்கு வைத்திருக்கிறாய் என்று சொன்னேன். நீ சிரித்தாய். அன்றைக்கு நமக்குள் சமாதானம் ஆனது.

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னாய். நான் அத்தனை வருஷம் டயலைத் திருப்பியவள், குறைத்தால் வெளிச்சம் மங்கலாக எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இல்லமா. எரியறது எப்பவும் ஒரே மாரிதான். கம்மி பண்ணா சீக்கிரம் நிறுத்திடுது, அவ்ளோதான்" என்றாய். இதை நீயும் கலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வராத வீடு கிடையாது. ஆரம்பித்த சண்டையை முழுக்க எரித்துத்தான் முடிக்கவேண்டும் என்று சட்டம் இல்லை, நடுவிலேயே நிறுத்தலாம். எனக்கும் உன் அப்பாவுக்கும் இந்த சூட்சுமம் தெரியாது. எங்கள் சண்டை எல்லாமே ஃபுல்தான், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கையில் வைத்துத் திருப்புகிற பாகத்தை எதில் அடைப்பது என்று தேடியபோது என் வெற்றிலை டப்பாவை நான்தான் கொடுத்தேன். நல்ல எவர்சில்வர், உள்ளங்கைக்குள் அடங்கும். நீயும் ஏதோ யோசனையில் அதற்குள் எல்லாவற்றையும் அழகாக உட்கார்த்தி மூடினாய். மூடினால் ஃப்ளாஷ் நாம் சொல்வதைக் கேட்கவில்லை, திறந்தால் கேட்டது. மறுபடி மூடினால் கேட்கவில்லை. அரை நாள் ஒயரையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாய். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஸ்டீலு டப்பாக்குள்ளேர்ந்து ரேடியோ எப்டிமா வெளிய போவும்!" என்றாய். மின்நிலையத்தில் மீட்டரையெல்லாம் சீராக்கிய ஆளே ஏமாந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். கடைசியில் பாத்ரூமிலிருந்து ரோஸ் கலர் சோப்பு டப்பாவைக் கொண்டுவந்தாய். பிளாஸ்டிக். கழுவியும் அதில் இன்னும் சந்தன சோப்பு வாசனை இருக்கிறது.

அதை என் கையில் கொடுத்தபோது நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரல் கண்டுபிடித்துவிட்டது. அந்த டயல், பழைய ஃப்ளாஷில் இருந்த அதே டயல். எழுத்து தேய்ந்து, ஓரத்தில் என் விரல்பட்டு வழவழப்பான அதே டயலைக் கழற்றி, சோப்பு டப்பாவில் பொருத்தியிருந்தாய். கிளிக் கூட மாறவில்லை. ஏன்டா இவ்வளவு பாடு, புதுசு ஒன்று வாங்கியிருக்கலாமே, இப்போதெல்லாம் இந்த வசதியோடேயே வருகிறதாமே என்று கேட்டேன். "புதுசுல கேமரா மேலயே பொத்தான் கீது, பாய்தான் அமுக்கணும். பாய்க்கு எப்ப எறக்கணும்னு தெரியாதுமா. ஒனக்குத்தான் தெரியும்" என்றாய். மகனே, எனக்குப் பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்திருக்கிறாய், காதுக்குத் தோடு வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

அப்படியும் நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், மண்டபத்தில் பூ அலங்காரக்காரர்கள் மட்டும் இருந்தபோது, ஃப்ளாஷை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு என்னை மேடைக்குக் கூட்டிப்போனாய். மணவறைக்குப் பின்னால், உங்கள் இருவர் மணைக்கும் நடுவே, சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாய். "நாளைக்கு இங்க நில்லு" என்றாய். "இது மாப்ளையோட அம்மா அப்பா நிக்கற எடம்டா" என்றேன். "அதான்" என்றாய்.

உடனே ஒரு சாக்கு தேடினேன். "இங்கேர்ந்து ஃப்ளாஷுக்கு எட்டாது நைனா, நான் ஓரமா ஸ்டாண்டாண்டயே நின்னுக்கறேன்" என்றேன். நீ என்னைப் படியிறக்கி, கூடத்தைத் தாண்டி, பந்திக்கூடத்தில் அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தி, திருப்பு என்றாய். திருப்பினேன். மேடையில் பாய் அடித்துப் பார்த்துவிட்டு, "எறங்கிச்சு!" என்று கத்தினார். வாசலுக்குக் கூட்டிப்போனாய், அங்கிருந்தும் எட்டியது. "எங்க நின்னாலும் எட்டும்மா. இனிமே லைட்டுக்காக நீ எங்கயும் நிக்க வாணாம். ஒனக்கு எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நில்லு" என்று சொல்லிவிட்டு, ஷேவிங் செய்துகொள்ளப் போய்விட்டாய். நான் பந்திக்கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அழுதேன். அந்தக் கம்பு எனக்கு என்னவாக இருந்தது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நீ எப்போது பார்த்தாய், எங்கிருந்து பார்த்தாய்?

காலையில் நடந்ததை நீ முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்ததால் முழுக்கப் பார்த்திருக்க மாட்டாய். நான் குறியின் மேல்தான் நின்றேன், முந்தானைக்குள் சோப்பு டப்பாவோடு. தாலி தட்டில் சுற்றி வந்தது. அப்போது உன் பெரியத்தை என் முழங்கையைத் தொட்டாள். அவளைத் தப்பாக நினைக்காதே, உன் அப்பா கூடப் பிறந்தவள், இந்தக் கல்யாணத்துக்கு அவள் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். காதோடு காதாக, "அண்ணி, தாலி எடுத்துட்டாங்கோ. செத்த அப்பால வந்துடு. அவனுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். அவனுக்கு நல்லது என்று சொன்ன பிறகு எந்தத் தாய் நிற்பாள்? என் கால் தானாகப் பின்னால் போனது. ஒரு படி இறங்கிவிட்டேன்.

தவில்காரரின் தோள் ஏறி இறங்கியது. கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை பறந்து வந்து விழுந்தது. நீ தாலியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாய். "கட்டுப்பா, கட்டுப்பா" என்று ஐயர் சொன்னார், சுற்றி எல்லோரும் சொன்னார்கள். மேளம் மூச்சுமுட்ட வாசித்துக்கொண்டே இருந்தது. பெரியத்தை சொன்னது உன் காதில் விழுந்ததோ என்னவோ, நீ திரும்பாமல், "அம்மா, லைட்டு" என்றாய். பாய் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டு, "தங்கச்சி, நீ எறக்காம நான் எடுக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கலை என்ன செய்தாள் தெரியுமா? குனிந்த தலை நிமிராமல், பின்னால் பரந்துகிடந்த தன் புடவைக் கரையைக் கையால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் நகர்ந்ததும் அதன் கீழே மறைந்துபோன சாக்பீஸ் குறி தெரிந்தது. இந்தப் பெண்ணை நீ எங்கே கண்டுபிடித்தாயோ, நன்றாக வைத்துக்கொள்.

நான் ஏறி வந்து குறியின் மேல் நின்றேன். பெரியத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் மகளைப் பக்கவாட்டில் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். முந்தானைக்குள் கட்டைவிரல் இரண்டு கிளிக் இறக்கியது. முதல் முடிச்சு நீ போட்டாய், உனக்குக் கூடப்பிறந்தவள் இல்லாததால் மற்ற இரண்டும் பெரியத்தை மகள் போட்டாள். மூன்றுக்கும் வெளிச்சம் விழுந்தது. ஒன்று கூடத் தவறவில்லை.

அந்த மூன்று படமும் ஆல்பத்தில் வரிசையாக இருக்கின்றன. நீ இருக்கிறாய், கருப்பாக, கன்னத்தில் பளபளப்போடு. கலை இருக்கிறாள், நெற்றி வியர்வை கூட முத்து முத்தாகத் தெரிகிறது. பின்னால் ஒருத்தி நிற்கிறாள். முதலில் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் ஊரில் இருக்கிற எல்லோர் முகத்துக்கும் அந்த வெளிச்சத்தை நான் போட்டிருக்கிறேன், ஒருநாளும் அதற்கு முன்னால் நின்றதில்லை. நம் வீட்டு விசேஷங்களில் எடுத்த படத்தில்கூட நான் கிடையாது, லைட் பிடித்துக்கொண்டிருப்பேன். இப்போது பார்த்தேன். மகனே, உன் அம்மா அழகாக இருக்கிறாள். இதை நானே சொல்லிக்கொள்வதற்கு எனக்கு வெட்கமாக இல்லை. பாய் படத்தைக் காட்டி, "இந்தக் கை மட்டும் இன்னாத்துக்கு முந்தானைக்குள்ள கீதுன்னு கேக்கறவங்களுக்கு இன்னா சொல்லுவே?" என்றார். சோப்பு டப்பா பிடித்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், யார் நம்பப்போகிறார்கள் என்றேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் ஒரு கல்யாணம். இப்போதெல்லாம் நான் ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து டயல் திருப்புகிறேன், முட்டி உன்னை வாழ்த்துகிறது. தாலி எடுக்கிற நேரம் கூடத்தில் கண்ணை ஓட்டினேன். பெண்ணின் அம்மா மேடையில் இல்லை. கடைசித் தூணுக்குப் பக்கத்தில், நெற்றியில் ஒன்றும் இல்லாமல், எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து போனேன். "யம்மா, நீ மேடைக்கு வரணும்" என்றேன். அவள் பயந்துபோய், "அய்ய, நான் வரக்கூடாதுக்கா" என்றாள். நான் சோப்பு டப்பாவை எடுத்து அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். "இது ரேடியோவுல ஓடற லைட்டு. பொண்ணாண்ட அம்மா நின்னாத்தான் வெளிச்சம் சரியா வியும். இல்லாகாட்டி பொண்ணு மொகம் இருட்டா பூடும். அப்பால எங்கள கொற சொல்லக்கூடாது" என்றேன். பாய் மேடையிலிருந்து, "ஆமாமா, சீக்கிரம் வா, லைட்டு பத்தல" என்று குரல் கொடுத்தார், அந்த மனுஷன் ஒன்றும் கேட்கமாட்டார்.

வந்தாள். அவள் எங்கே நிற்கவேண்டும் என்று விரலால் காட்டினேன். நின்றாள். தவில்காரரின் தோள் ஏறியது, நான் இரண்டு கிளிக் இறக்கினேன்.

இப்படிக்கு,
திருவொற்றியூரிலிருந்து உன் லைட்டம்மா